ஏழு காலி பிளாக்

தண்டையார்பேட்டையில் மெஷின்களுக்கு மேனுவல் தயாரிக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. பேஜ்மேக்கரில் பக்கம் போட்டுப் பழகிய கை என்னுடையது. ஒரு நாள் முதலாளி சேகர் சார், "ஸ்டெல்லா, இனிமே எல்லாம் எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓதான். கத்துக்கோம்மா" என்றார்.

அதில் வேலை செய்யும்போது பக்கம் கண்ணுக்குத் தெரியாது. இது தலைப்பு, இது பாரா என்று டேக் எழுதி ஓட்டினால், அதுவே பக்கம் பிரித்து பிடிஎஃப் தரும். எனக்கோ யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை. எண்ணூர் தொழிற்சாலை ஒன்றுக்கான கிரேன் மேனுவலில், ஓர் எச்சரிக்கை பதினாலாம் பக்கத்தின் அடியில் நின்றது. அதற்குரிய வேலை பதினைந்தில். அதற்கு மேலே ஏழு காலி பிளாக், அதாவது ஏழு வெற்று வரி போட்டு எச்சரிக்கையையும் பதினைந்துக்குத் தள்ளினேன். பழைய என்டர் கீ புத்தி! பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன், அதற்கு முந்தைய பக்கம் ஒன்றில் நாலு வரியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், ஓட்டினேன், திரும்பிப் பார்க்காமல் அனுப்பினேன்.

சில வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையின் கிரேன் மெக்கானிக் தாஸ் அண்ணன் வந்தார், காதில் பிளாஸ்திரியோடு. கிரீஸ் படிந்த ஒரு தாளை மேஜையில் போட்டார்.

"இன்னாமா இது? நட்ட கயட்டுன்னு கீது, கயட்டினேன். ஸ்பிரிங்கு காத உரசிக்கினு போச்சு. கொஞ்சம் இந்தாண்ட வந்திருந்தா கண்ணு காலி!"

"முதல்ல ஸ்பிரிங்கைத் தளர்த்தணும்னு போட்டிருக்கேனே அண்ணே!"

புத்தகத்தைத் திறந்தேன். நாலு வரி குறைந்ததில் எச்சரிக்கை மறுபடி பதினாலின் அடிக்கே போயிருந்தது. அவரிடம் இருந்ததோ பதினைந்து, பதினாறு அச்சான தாள் மட்டும். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"புக்கை யாராவது கிழிப்பாங்களா?"

"கிரேன் மேல புக்க எங்க வெச்சிக்கிறது? வேண்டிய தாள கிய்ச்சி பாக்கெட்ல வெச்சிக்கினுதான் ஏறுவோம். எங்க ஷாப்புல எல்லாரும் அப்டித்தான்."

அந்தக் காதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஏழு பிளாக்கையும் அழித்தேன். எச்சரிக்கையின் டேக்கில் ஒரே கட்டளை சேர்த்தேன்: கீப்-வித்-நெக்ஸ்ட். அடுத்ததை விட்டுப் பிரியாதே என்று அர்த்தம். வரி கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் விழும். முதல் நாளே படித்ததுதான்; நான்தான் மதிக்கவில்லை.

மறு அச்சை நானே எண்ணூருக்கு எடுத்துப்போனேன். தாஸ் அண்ணன் புரட்டினார். என் கண்ணெதிரே சர்ரென்று ஒரு தாளைக் கிழித்தார். எச்சரிக்கையும் வேலையும் ஒன்றாக இருந்தன. இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

டேக் எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கம் அழகாக இருக்கிறதா என்பதை அப்புறம் பாருங்கள். கிழித்த தாளில் எது விட்டுப்போகும் என்று முதலில் பாருங்கள்.