ஓடம் நின்ற ஆனி மாதம்

தண்ணீரில் நிற்பதில் ராசம்மாளுக்கு நிகரானவர் ஓடத்துறை கிராமத்தில் எவரும் இல்லை. குறுவை நடவில் கணுக்கால் சேற்றிலும், சம்பா நடவில் முழங்கால் நீரிலும் தம் வாழ்நாளில் பாதியை நின்றே கழித்தவர் அவர். நடவுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அவர்தாம் தலைமை. ஆனால் தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் போதும், கரையேறிவிடுவார். வெட்டாற்றங்கரையில் பிறந்து, அதே கரையில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு நீந்தத் தெரியாது என்பது அவருடன் வேலை செய்த பெண்களுக்கு அலுக்காத வேடிக்கை.

அவரைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் உண்டு. நாகஸ்வரம் என்றால் அவருக்கு உயிர். ராகங்களின் பெயர் ஒன்றும் தெரியாது. எங்கே எந்தத் திருவிழாவில் யார் வாசித்தார் என்பது மட்டும் மறக்காது. அக்கரையிலுள்ள திருமேனிக்குடியில் ஆனி உத்திரத்தன்று மாலையில் சுவாமி ஆற்றங்கரை மண்டபத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். மண்டபத்தின் முன்னால் மணல் திட்டில் திறந்த வெளியில் நாகஸ்வரக் கச்சேரி நடக்கும். கோயில் வீதியில் இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. மணல் திட்டில் அது செல்லாது. மணல் பொதுப்பணித்துறைக்குச் சொந்தம். யாரும் எங்கும் உட்காரலாம். ராசம்மாளுக்கு அந்தக் கச்சேரி பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறை ஒன்றே ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் நடவு முடித்துக் கரையேறி, குளித்து, உலை வைத்து, ஓடத்தில் கடைசி நடையில் இடம் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் ராக ஆலாபனை முடிந்து தவில் சேர்ந்துவிடும். ஒருமுறைகூட அவர் தொடக்கத்தைக் கேட்டதில்லை. முன்னதாகவே போய்விடும் கணவர் வைரக்கண்ணுவிடம் ஆண்டுதோறும் கேட்பார்.

“ஆரம்பம் எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் நீளம்.”

இதைத் தவிர வேறு விமர்சனம் வைரக்கண்ணுவிடமிருந்து என்றும் வந்ததில்லை.

கழக ஆட்சி வந்து சில கோடைகள் கழிந்திருந்த சமயம் அது. அந்த ஆண்டு மேட்டூர் நீர் உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் கூலி பற்றிய பேச்சு மட்டும் உரிய காலத்தில் முடியவில்லை. குறுவை நடவு தொடங்க வேண்டிய நாளில் ஓடத்துறையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெருநிலக்காரரான மிராசுதார் குஞ்சிதபாதம் அக்கரையிலிருந்து ஓடத்தில் வெளியூர் ஆட்களை வரவழைத்தார். அன்று மாலை களத்துமேட்டில் சங்கத்தின் கூட்டம். ஆண்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தபோது ராசம்மாள் எழுந்து நின்றார்.

“ஓடத்துலதானே ஆளக் கொண்டாந்து எறக்குறாங்க? ஓடத்த நிறுத்துங்க!”

ஓடக்காரர் வேம்புவும் சங்கத்து ஆள்தான். அவருக்கு ஓர் ஐயம்.

“நம்ம ஆளுங்க போவணுமின்னா என்னாக்கா பண்றது?”

“நம்ம ஆளும் போவக் கூடாது. நமக்கு ஒரு நாயம், அவங்களுக்கு ஒரு நாயமா? கயித்தத் தொட்டாக்கூடக் கட்டுப்பாட்ட மீறுனதுதான்!”

இரு கரைகளுக்கும் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைக் கையால் பற்றி இழுத்துத்தான் ஓடம் போகும். கயிற்றையும் சேர்த்துச் சொன்னது கூட்டத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தலை நிமிர்ந்து வீடு திரும்பிய ராசம்மாளைக் கடைத்தெருவில் கோரைப்பாய் விற்கும் சைத்தூன் பீவி நிறுத்தினார். இருவரும் பல ஆண்டுத் தோழிகள்.

“கூட்டத்துல வெளுத்து வாங்கிட்டியாமே?”

“பின்ன? ஒரு ஈ காக்கா ஆத்தத் தாண்டாது இனிமே.”

“சரிதான். வர்ற வெள்ளிக்கெழம என்ன நாளுன்னு தெரியுமா புள்ள?”

“என்ன நாளு?”

“ஆனி உத்திரம்.”

ராசம்மாள் அப்படியே நின்றுவிட்டார். நடவு இல்லாத ஆனி அவர் வாழ்வில் வந்ததே இல்லை, இதோ, வந்திருக்கிறது. முதல் நடையிலேயே ஓடமேறி முன்வரிசையில் உட்கார்ந்து, தொடக்கம் முதல் கேட்க வாய்த்த ஒரே ஆண்டு. அந்த ஓடத்தைத்தான் அவர் தம் வாயாலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

“ரொம்பச் சுத்துதான், இருந்தாலும் பாலத்து வழியா நடந்து போயிடு,” என்றார் பீவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“பாலத்துல போலீசு நிக்கிது. எங்க தெரு ஆளப் பாத்தாலே எங்க போற, எதுக்குப் போறன்னு உக்கார வச்சிடுறாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொடிய எறக்கிடுவாங்க.”

“அப்ப நீந்து.”

“நானா?”

“இந்த ஆறு எங்க போயி விழுது? எங்க ஊரு நாகூருல. தண்ணியில எப்படிக் கெடக்கணுமின்னு நாகூருக்காரிதான் சொல்லித் தரணும். நாளைக்கு மதகடிக்கு வா.”

வேலைநிறுத்தம் என்றால் பசியும் கவலையும்தான். நாற்றங்காலில் நாற்று நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மிராசுதாரும் பெருமூச்சு விட்டார், தொழிலாளரும் பெருமூச்சு விட்டனர். எனினும் அந்தத் தெருப் பெண்களுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கோடை விடுமுறையும் அதுவே. மதகைத் தாண்டி விழும் நீர் பள்ளம் பறித்து வைத்திருந்த மடுவில் அவர்கள் பகல் முழுவதும் கிடந்தார்கள். வைரக்கண்ணு பனையேறி நுங்குக் குலைகளைத் தள்ளிவிட்டார். மாங்காயைக் கல்லில் உடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றார்கள். மருத மர நிழலில் ஈரப் புடவைகள் வரிசையாகக் காய்ந்தன. அவர்களுக்குக் கிடைத்த வேடிக்கைகளில் எல்லாம் சிறந்தது ராசம்மாள் நீச்சல் பழகியதுதான்.

அவருடைய உடம்பு நடவுக்குப் பழகிய உடம்பு. தண்ணீரைக் கண்டதும் முதுகு தானாகக் குனிந்தது. கால் தானாகச் சேற்றைத் தேடியது. பீவி தம் கையை அவர் வயிற்றின் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு கத்துவார்.

“குனியாத! இங்க ஒண்ணும் நாத்து முடி கெடக்கல. நிமிந்து அக்கரையப் பாரு!”

“கால் எட்டலியே பீவி!”

“எட்டாதுதான். எட்டுனா அதுக்குப் பேரு நீச்சலா? தவள மாதிரி ஒதை!”

“தவளையே பயந்து ஓடிப்போச்சு,” என்று கரையிலிருந்து வைரக்கண்ணு கூவ, பெண்கள் தின்றுபோட்ட நுங்குக் கூந்தலை அவர்மேல் எறிந்தார்கள்.

வியாழக்கிழமைக்குள் ராசம்மாள் ஒருவாறு தேறினார். மூடிய தவலை ஒன்றை அணைத்துக்கொண்டால் எவ்வளவு தூரமும் போகலாம். தவலையை விட்டால் கால் உடனே சேற்றைத் தேடிக் கீழே இறங்கியது.

“தவலையோடயே போ. அதுக்குள்ள காஞ்ச பொடவைய வச்சிக் கட்டிடுவோம். அக்கரையில மாத்திக்கலாம்,” என்று பீவி முடிவு சொன்னார்.

வெள்ளிக்கிழமை வெயில் சாயத் தொடங்கியபோது ஓடத்துறையே படித்துறையில் கூடியிருந்தது. நீந்தத் தெரிந்த ஆண்கள் வேட்டியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு முன்பே அக்கரை சேர்ந்துவிட்டார்கள். வைரக்கண்ணு மட்டும் போகாமல் நின்றார்.

“வேணாம் ராசம்மா. தண்ணி இழுப்பு இருக்கு. நான் போயிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

“என்ன சொல்லுவ? கொஞ்சம் நீளமின்னு சொல்லுவ. தள்ளு.”

தவலையை அணைத்துக்கொண்டு ராசம்மாள் இறங்கினார். பக்கத்தில் பீவி, சற்றுத் தள்ளி வைரக்கண்ணு. கயிற்றுக்குச் சிறிது மேற்கே தொடங்கி, நீரின் போக்கிலேயே சாய்வாகப் போனால் மண்டபத்தை அடையலாம் என்பது பீவியின் கணக்கு. பாதி ஆறு வரை கணக்குச் சரியாகவே இருந்தது.

பாதி ஆற்றில் நாகஸ்வரம் கேட்டது.

ஒவ்வோர் ஆண்டும் மிராசுதார் குஞ்சிதபாதம் வந்து அமர்ந்த பிறகே வித்துவான் நாகஸ்வரத்தின் சீவாளியை வாயில் வைப்பது வழக்கம். அந்த ஆண்டு கோயிலுக்குப் புதிய நிர்வாக அதிகாரி வந்திருந்தார். குறித்த நேரம் வந்ததும் தொடங்கச் சொல்லிவிட்டார். வித்துவான் துரைராசுவும் தொடங்கிவிட்டார்.

ஒரே ஒரு சுரம், நீளமாக, நீர்மேல் படர்ந்து வந்தது. ராசம்மாள் உதைப்பதை நிறுத்தினார். உதைத்தால் தண்ணீர் சளசளத்தது. அந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை. உதைக்காவிட்டால் பாட்டுக் கேட்டது. ஆனால் ஆறு அவரைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. இப்படியே போனால் மண்டபத்தையும் தாண்டிவிடுவார், பாட்டும் தேய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் ஓடக்கயிறு அவர் கைக்கு எட்டும் தொலைவில் வந்தது. பிடித்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் முழுவதையும் கேட்கலாம்.

கை உயர்ந்தது.

“அக்கா!” கரையிலிருந்து வேம்பு இரு கையையும் வாயில் குவித்துக் கூவினார். “கயிறும் கட்டுப்பாடுதான்! நீங்க சொன்னதுதான்!”

“அடப் பாவி, அவ உசுருக்குப் போராடுறா!” என்று திரும்பக் கத்தினார் வைரக்கண்ணு. “புடிச்சிக்க ராசம்மா! சங்கத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன்!”

கயிறு தலைக்கு மேலே வந்து, கடந்து, பின்னால் போயிற்று. ராசம்மாள் தொடவில்லை.

“புத்தி கெட்டவளே,” என்று பீவி பாதி திட்டாகவும் பாதி பெருமையாகவும் சொன்னார். “அப்ப தவலைய விடு! அதுதான் ஒன்னய இழுத்துக்கிட்டுப் போவுது. கையப் போடு, சத்தமில்லாம!”

அந்தச் சுரம் இப்போது மெல்லக் கிளை பிரிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தூரம் போனால் அது கேட்கவே கேட்காது. ராசம்மாள் தவலையைத் தள்ளிவிட்டார். உடம்பு ஒருமுறை மூழ்கி எழுந்தது. கால் சேற்றைத் தேடிக் கீழே போகவில்லை. போவதற்கு அதற்கு நேரமில்லை. காது முன்னே போக, உடம்பு பின்னே போயிற்று. குனியாமல், நிமிர்ந்து, அக்கரையைப் பார்த்தபடி, பெரிதாகச் சத்தமில்லாமல் அவர் நீந்தினார்.

மணல் காலில் தட்டியதும் அவர் கரையேறவில்லை. கழுத்தளவு நீரிலேயே அமர்ந்துகொண்டார். மண்டபம் எதிரே இருந்தது. துரைராசு கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். மேலே போன ராகம் அங்கேயே சிறிது நேரம் நின்று, சுற்றிப் பார்த்து, அவசரமில்லாமல் படியிறங்கி வந்தது. கரையிலிருந்த திருமேனிக்குடிப் பெண்கள் கை காட்டி அழைத்தார்கள். ராசம்மாள் அசையவில்லை. தவில் முழங்கத் தொடங்கிய பிறகே எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு மணலில் வந்து உட்கார்ந்தார்.

பல்லவி பாதி நடந்துகொண்டிருந்தபோது ஆற்றோரச் சாலையில் ஒரு வில்வண்டி கோணல்மாணலாக வந்து நின்றது. இறங்கியவர் மிராசுதார் குஞ்சிதபாதம். வேர்த்து, தலை கலைந்து, அங்கவஸ்திரத்தில் சாணிக் கறையுடன் இருந்தார். வண்டிக்காரரும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், வாழ்க்கையில் முதல் முறையாக அவரே வண்டியோட்டிப் பாலத்தைச் சுற்றி வந்திருக்கிறார்.

“மாடு ஒங்க பேச்சக் கேக்கலீங்களா ஐயா?” என்றார் பீவி, அக்கறையாக.

மிராசுதார் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “மொதல்ல என்ன ராகம் வாசிச்சாரு?” என்று கேட்டார்.

“ராகமுங்களா? நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் நீளம்,” என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர் வைரக்கண்ணு.

மிராசுதாரின் முகம் விழுந்துவிட்டது. ராசம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். ஆண்டுதோறும் கடைசி நடையில் வந்திறங்கும்போது தாம் வைத்துக்கொள்ளும் முகம்தான் அது.

“நான் முழுசாக் கேட்டேங்க,” என்றார் அவர்.

“நீயா? நீ எப்படி வந்த?”

“ஆத்து வழியா.”

மிராசுதார் அவருடைய ஈரப் புடவையையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல மணலில், அவருக்கு நேர் எதிரே, உட்கார்ந்தார்.

“எப்படி எடுத்தாரு? கொஞ்சம் பாடிக் காட்டேன்.”

“காட்டுறேன். திங்கக்கெழம தாசில்தார் ஆபீசுல பேச்சுவார்த்தை இருக்குல்ல? ஒவ்வொரு தடவையும் காரியஸ்தர அனுப்பிச்சுடுறீங்க. அவரு, ஐயாவைக் கேட்டுச் சொல்றேன், ஐயாவைக் கேட்டுச் சொல்றேன்னு எந்திரிச்சுப் போயிடுறாரு. இந்தத் தடவ நீங்களே வரணும்.”

“இது என்ன, இங்கயே ஆரம்பிச்சிட்டியா?”

“அங்க வர மாட்டேங்குறீங்களே.”

தவில்காரர் தீர்மான முழக்கம் ஒன்றை அடித்து முடித்தார். மிராசுதார் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, “வர்றேன். நாத்தும் முத்திப்போவுது,” என்றார்.

ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்குள்ளேயே, அந்த நீண்ட சுரத்தில் தொடங்கினார். கிளை பிரிந்த இடம், ஏறிய இடம், நின்று சுற்றிப் பார்த்த இடம். அவர் இறங்கி வருவதற்குள்ளேயே மிராசுதாரின் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

“பூர்விகல்யாணி,” என்றார் அவர், ஏக்கத்துடன்.

“அதுதான் அது பேருங்களா?” ராசம்மாள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நல்ல பேரு.”

சுவாமி திரும்பியபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பாலம் வரை வண்டியில் வரலாமே என்று மிராசுதார் ஒப்புக்குச் சொன்னார். மாடுகளைப் பார்த்துவிட்டு அவரே மறுபடி வற்புறுத்தவில்லை.

“ஆறு இருக்குங்களே,” என்றார் ராசம்மாள்.

கயிற்றுக்கு மேற்கே நடந்துபோய் நீரில் இறங்கும்போதுதான் அவருக்குத் தவலையின் நினைவு வந்தது.

“பீவி, பொடவையோட போயிடுச்சே!”

“எங்க போவும்? நாகூருலதான் கரையேறும். எங்க அண்ணன் எடுத்து வச்சிருப்பாரு. வர்ற கோடையில போயி வாங்கிட்டு வருவோம்,” என்று சொல்லிவிட்டுப் பீவி நீரில் பாய்ந்தார்.

“கடல்ல எப்படி நீந்துறது?” என்று கேட்டுக்கொண்டே ராசம்மாள் அவரைப் பின்தொடர்ந்தார். கயிறு இம்முறையும் தலைக்கு மேலே வந்தது. அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; பூர்விகல்யாணியை முணுமுணுத்துக்கொண்டு போனதில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.