நாலு ஆணியும் ஒரு தகர அம்பும்

"ஆயிரம் வருஷத்துக்கு எத்தனை அடி விடணும் பாஸ்டர்?"

அளவு நாடாவை நீட்டிப் பிடித்தபடி ஜீவராணி கேட்டாள். பாஸ்டர் றோலண்ட் பன்னிரண்டு வருடமாகக் கடைசிக் காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர். யார் யாரோ அவரிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

நோர்வூட் டவுனுக்கு மேலே, தேயிலை மலை தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கட்டிடம்தான் அவருடைய சபை. உலகம் உண்டான நாள் முதல் அது முடிகிற நாள் வரைக்கும் அதன் இடது பக்கச் சுவரில் படமாக வரைந்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சுவர் பதினாறு அடி. நடுவில் ஒரு ஜன்னல், கோடியில் மின்சார மீட்டர்.

ஜீவராணி மாதா கோயில்காரி. அதுவும் கிறிஸ்மஸுக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கும் மட்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவள். தேயிலைப் பைகளின் மேல் அச்சுத் தகட்டை வைத்துத் தோட்டத்தின் பெயர், தரம், எடை எல்லாவற்றையும் மையால் ஒற்றுகிற வேலை. தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டாள். கைக்கு வந்த எழுத்து போகவில்லை. கடைப் பெயர்ப் பலகை, தண்ணீர்த் தொட்டி நம்பர், கல்லறை எழுத்து என்று நோர்வூட்டைச் சுற்றி அவள் பிரஷ் படாத இடம் குறைவு. எழுத்து நூல் பிடித்தாற்போல் இருக்கும். மிருகம்தான் வராது. ஒரு கேட்டில் 'நாய் கடிக்கும்' என்று எழுதிப் பக்கத்தில் நாய் ஒன்றும் வரைந்தாள். வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட தபால்காரர்கூட எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை நம்பி, கன்றுக்குட்டிதானே என்று உள்ளே போய்க் கடி வாங்கினார்.

பாஸ்டர் ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறி வைத்திருந்தார். இடப்பக்கத்திலிருந்து எட்டு வட்டங்கள். ஆதாம், நோவா, ஆபிரகாம், தாவீது என்று கடவுள் மனிதரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள். இடையே ஒரு சிலுவை. அதன் பிறகு சபையின் காலம். பிறகு மேலே போகிற ஓர் அம்பு: விசுவாசிகள் சொல்லாமல் கொள்ளாமல் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிற 'இரகசிய வருகை'. அப்புறம் ஏழு வருட மகா உபத்திரவம். அப்புறம் கீழே வருகிற அம்பு, ஆயிர வருட அரசாட்சி, நியாயத்தீர்ப்பு, புது வானம், புது பூமி.

ஜீவராணி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். "மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் வருஷம் வருதுங்க. சுவரு நூத்தித் தொண்ணூத்திரண்டு அங்குலம். அப்படின்னா உங்க ஏழு வருஷ உபத்திரவம் ஒரு அரிசி மணி அளவுதான் வரும்."

"அரிசி மணியா?" பாஸ்டர் பதறிப் போனார். "மிருகம் வரணும், எக்காளம் வரணும், நட்சத்திரம் விழணும். அதுக்கு நாலு அடியாவது வேணும் சிஸ்டர்."

அளவு கைவிடப்பட்டது. உபத்திரவத்துக்கு நாலு அடி கிடைத்தது. ஆயிரம் வருடம் ஜன்னலுக்கும் மீட்டருக்கும் நடுவே ஒன்றே கால் அடிக்குள் ஒடுங்கியது. புது பூமிக்கு மீட்டருக்குக் கீழே ஒரு தட்டு அளவு இடம்தான் மிஞ்சியது.

மிருகம் வந்தபோது மறுபடியும் நின்றது. "சிறுத்தை மாதிரி உடம்புன்னா பிரச்சினை இல்லீங்க, போன மாசம் நாலாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கிறவங்க நேருலயே பார்த்திருக்காங்க, கேட்டு வரைஞ்சிடலாம். ஆனா ஏழு தலை, பத்து கொம்புன்னு சொல்றீங்களே. ஏழு தலைக்கும் பத்து கொம்பை எப்படிப் பிரிக்கிறது?"

பாஸ்டர் வேதத்தைத் திறந்தார், மூடினார். வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு மறுநாள் வந்து, மூன்று தலைக்கு இரண்டிரண்டு, மீதி நாலு தலைக்கு ஒவ்வொன்று என்றார். ஜீவராணி அப்படியே வரைந்தாள். சிறுத்தை என்று தொடங்கிய உடம்பு முடிகிறபோது வழக்கம்போல் கன்றுக்குட்டியாகியிருந்தது. ஒற்றைக் கொம்புத் தலைகள் நாலும் பக்கத்துத் தலையின் இரட்டைக் கொம்பை ஏக்கத்தோடு பார்ப்பது போலிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சபையார் பார்த்து அல்லேலூயா சொன்னார்கள். சுகிர்தம் டீச்சர் மட்டும் சொல்லவில்லை. முப்பத்தி நாலு வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தப்பைப் பார்த்தால் சிவப்புப் பேனா தேடுகிற கை.

"அம்பு இடம் மாறியிருக்கு" என்றார். "சபை உபத்திரவத்தோட கடைசி நாள் வரைக்கும் இங்கதான் இருக்கும். அதுக்குப் பிறகுதான் மேல போறது. அம்பு ஏழு வருஷத்துக்கு அந்தப் பக்கம் வரணும்."

"இல்லீங்க டீச்சர். முன்னாடியேதான்."

"முன்னாடியே போறதா இருந்தா எதுக்கு அவ்வளவு எச்சரிக்கை? ஸ்கூல்ல இல்லாத பிள்ளைக்கு யாராவது பரீட்சைத் தேதி சொல்லுவாங்களா?"

பாஸ்டரின் குரல் தாழ்ந்தது. "நம்ம சனம் ஏற்கனவே பட்டது போதும் டீச்சர். இன்னும் ஏழு வருஷம் எதுக்கு?"

"பட்ட சனத்துக்குத்தான் பழக்கம் இருக்கு பாஸ்டர்."

மறு வாரம் பாஸ்டர் டயகமவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். டீச்சர் ஜீவராணிக்குப் போன் போட்டார். அம்பு நாலு அடி வலப்பக்கம் போனது. பாஸ்டர் திரும்பி வந்தார். அம்பும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதும் ஜீவராணிக்குச் சலித்துவிட்டது. யாரையும் கேட்காமல் அம்பை நட்டநடுவில், மூன்றரை வருடத்தில், வரைந்துவிட்டு வந்தாள். இருவருக்கும் கோபம். அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்த பொகவந்தலாவைக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று, இதுதான் சத்தியம், தங்கள் சபையில் இப்படித்தான் போதிக்கிறார்கள் என்று கண்ணீர் விட்டார். தன்னுடைய சமாதானத்துக்கும் ஓர் உபதேசம் இருக்கிறதென்று ஜீவராணி அப்போதுதான் அறிந்தாள்.

இதெல்லாம் போதாதென்று ஜெனுஷன் வந்து சேர்ந்தான். வேதாகமக் கல்லூரியில் நாலு வருடம் படித்துவிட்டு, உதவி ஊழியனாக வந்த பையன். சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, உண்மையில இந்த அம்பே வேணாம். வருகை ஒண்ணுதான். ஆயிரம்ங்கிறதும் அடையாள எண். சிலுவையிலேருந்து அவர் திரும்பி வர்ற வரைக்கும் உள்ள காலம்தான் அது. இப்பவே நடந்துகிட்டு இருக்கு."

ஜீவராணி ஏணியிலிருந்து இறங்கினாள். "ஆயிர வருஷ அரசாட்சி இப்பவே நடக்குதா தம்பி?"

"ஆமாக்கா."

"எங்க லயத்து வீட்டுக் கூரை ஒழுகுதே."

ஜெனுஷன் சுவரின் இடக்கோடிக்கு நகர்ந்து உடன்படிக்கைக்குப் போனான். எட்டு வட்டம் அதிகம், உண்மையில் இரண்டுதான். ஆதாமோடு ஒன்று, கிருபையின் உடன்படிக்கை ஒன்று. ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுத்த காணியும் ஆவிக்குரிய அர்த்தத்தில் சபைக்குத்தான் என்றான். பாஸ்டர் இடைமறித்து, காணி காணிதான், அது இஸ்ரவேலுக்குத்தான் என்றார். டீச்சர் இருவரையும் திருத்தினார். ஜீவராணி பிரஷைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாக்குக் குடுத்த காணி யாருக்குன்னு அங்கயுமா இன்னும் முடிவாகலை? நான் எங்களுக்கு வீடு கட்டத் தர்றேன்னு அரசாங்கம் சொன்ன ஏழு பேர்ச் காணிக்குத்தான் இந்தக் கெதின்னு நெனச்சேன்."

அன்று மாலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சுவரில் இருந்த அம்பை வெள்ளையடித்து அழித்தாள். புருஷன் கிஷாந்தைக் கொண்டு ஒரு தகரத் துண்டை அம்பாக வெட்டுவித்து, சிவப்பு பூசி, வெள்ளையில் 'இரகசிய வருகை' என்று எழுதி, கம்பியில் கொக்கி போட்டாள். சுவரில் உபத்திரவத்துக்கு முன்னால் ஒரு ஆணி, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. நாலாவது ஆணி கதவுக்குப் பின்னால், அம்பே வேண்டாம் என்கிறவர்களுக்காக.

"யாரு பிரசங்கமோ அவங்க ஆணியில மாட்டிக்கங்க" என்றாள். "என்னை மட்டும் கூப்பிடாதீங்க."

ஏழெட்டு மாதம் சபையில் சண்டை இல்லை. வாசலில் நுழைகிறவர்கள் அம்பைப் பார்த்தே இன்று யார் பேசப்போவது என்று தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் விசேஷ உபவாசக் கூட்டம் வந்தது. கண்டியிலிருந்து சகோதரர் பிரதாப் என்ற பெரிய பிரசங்கியார் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அம்பு எந்த ஆணிக்கு உரியது என்று அவரிடம் கேட்டு ஒரேயடியாக முடித்துவிடலாம் எனப் பாஸ்டர், டீச்சர், ஜெனுஷன் மூவரும் மனதுக்குள் தனித்தனியாகத் திட்டம் போட்டிருந்தார்கள். பெயின்ட் உரிந்திருந்த அம்பைப் புதுப்பிக்க ஜீவராணி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய், பூசி, லயத்துக் கூரையோரம் காயப் போட்டாள். ஞாயிறு விடியப் பார்த்தால் அம்பு இல்லை. கிஷாந்தும் இல்லை, கல்யாண ஓட்டம் என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு இருட்டோடு போனவனுக்கு லைன் கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு சபைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். பாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜெனுஷனைப் பார்த்தார். ஜெனுஷன், "நான் அதை நம்பலைதான், அதுக்காகத் திருடுவேனா?" என்று அழாத குறையாகச் சொன்னான். பின் வரிசைக் கிழவர் ஒருவர், "அம்பை மட்டும் எடுத்துக்கிட்டாங்களா? நம்மளை விட்டுட்டாங்களா?" என்று எழுந்து வெளியே வானத்தைப் பார்க்கப் போனார்.

பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பிரசங்கியாரைக் காணவில்லை. பாஸ்டர் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் விட்டார்.

"நான் அப்பவே வந்துட்டேனே பாஸ்டர்" என்றது பிரதாப்பின் குரல். "நல்ல வரவேற்பு. பன்னீர் எல்லாம் தெளிச்சாங்க. சந்தனம்கூட வச்சிட்டாங்க." பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஆனா உங்க சபையில கொஞ்சம் வித்தியாசமான ஆராதனைதான், என்ன?"

பாஸ்டர், டீச்சர், ஜெனுஷன், ஜீவராணி நாலு பேரும் குறுக்குப் பாதையால் கீழே ஓடினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சந்தியில் மின்கம்பத்தில், படுக்கைவாட்டில் கட்டப்பட்டு, வலப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது அம்பு. அதன் மேல் கிஷாந்த் ஒட்டியிருந்த கல்யாண வீட்டுக் காகிதம் மழையில் கரைந்து, 'கல்யா' மட்டும் ஒரு மூலையில் தொங்கியது. கழுவிவிட்டது போன்ற சிவப்பில், வெள்ளை எழுத்தில், 'இரகசிய வருகை'.

கிஷாந்தின் சிநேகிதன் நிரஞ்சனின் தங்கச்சிக்கு இன்று கல்யாணம் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சந்தியில ஒரு போர்டு இருக்கும்னு நான்தான் அவருக்குச் சொன்னேன்" என்றார் பாஸ்டர் பரிதாபமாக. "இதைப் பார்த்துட்டு நம்ம சபைன்னே நெனச்சிருப்பாரு."

முதலில் சிரித்தது ஜெனுஷன். டீச்சர் அவனை முறைத்தார், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நாலு பேரும் அம்பு காட்டிய பக்கம் நடந்தார்கள்.

மண்டபத்தில் பிரதாப் முன் பந்தியில், வாழை இலைக்கு முன்னால், நெற்றியில் சந்தனத்தோடு இருந்தார். இரண்டாம் தடவை பாயாசம் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வந்ததுமே சந்தேகம் வந்ததாகவும், பெண்ணின் தாய் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டதால் எழும்ப வெட்கமாகப் போய்விட்டதாகவும் சொன்னார். தாய் இவர்களையும் விடவில்லை. "வந்தவங்க கை நனைக்காம போனா பிள்ளைக்கு நல்லதில்லைங்க, உட்காருங்க" என்று இலை போட்டார்.

"நாங்க உபவாசம்மா" என்றார் பாஸ்டர்.

"அதெல்லாம் சைவம்தாங்க, பயப்படாம சாப்பிடுங்க."

பாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். வேதம் பிசகாத டீச்சர் புடைவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "கூப்பிட்ட பந்தியில எழும்பிப் போறது மரியாதையில்லை பாஸ்டர். வடையை இந்தப் பக்கம் தள்ளுங்க." மாதா கோயில்காரியான ஜீவராணிக்கு மனச்சாட்சி உறுத்த ஒன்றுமில்லை. அவள் சோறு கேட்டு வாங்கினாள். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த கிஷாந்த் அவளைக் கண்டதும் சாம்பார் வாளியோடு அடுப்படிக்குள் மறைந்தான்.

மோர் வந்த நேரத்தில் பாஸ்டர் கேட்டேவிட்டார். "சகோதரர், நீங்களே சொல்லுங்க. அம்பு முன்னாடியா, பின்னாடியா?"

"இல்ல, வேணாமா?" என்றான் ஜெனுஷன்.

பிரதாப் கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகப் பதில் சொன்னார். "ஐயா, நான் பத்து வருஷமா அதை எங்கயும் பேசுறதில்லை. கடைசியா ரெண்டு சபையில பேசினேன். இப்ப அது அஞ்சு சபை. இன்னைக்கு நான் பேச வந்தது உபவாசத்தோட வல்லமை."

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. காலையிலிருந்து உண்மையாகவே பட்டினி கிடந்த சபையார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, உபவாசத்தின் வல்லமையை அவர் ஏப்பத்தை அடக்கி அடக்கிப் பிரசங்கித்தார். முன் வரிசையில் பாஸ்டரும் டீச்சரும் தோளோடு தோள் சாய்ந்து தூங்கினார்கள். எந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் ஜெனுஷன் சுவரிலிருந்த மிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீவராணி வெளிப்படியில் உட்கார்ந்து, மண்டபத்திலிருந்து கூட்டிவந்த கிஷாந்திடம், கம்பத்திலிருந்து அவிழ்த்த அம்பைத் துடைக்கக் கொடுத்தாள்.

"கோவமா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"வாயை மூடிக்கிட்டு தொடைங்க. நிரஞ்சன்ட அம்மாவுக்கு மத்த பொண்ணு கல்யாணத்துக்கும் இது வேணுமாம். கூப்பிடாதவங்ககூட வந்து சேர்ந்தாங்களாம்."