போர் பைப்பில் போட்ட சைலன்சர்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு திருச்சுழியில் பழைய அம்பாசடர் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் சைலன்சர் பைப் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அந்த வருடம் எங்கள் புஞ்சையில் போட்ட போர்வெல்லில் தண்ணீர் இல்லை. அதற்கென வாங்கிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்புகள் சும்மா கிடந்தன. ஒன்றை அறுத்து அருப்புக்கோட்டை வெல்டரிடம் கொண்டுபோனேன்.

“அண்ணே, இது தண்ணிக் குழாயி. மேல்பூச்சு எரிஞ்சுரும், வெல்டிங்கு சரியாப் பிடிக்காது. வெயிட்டும் ஜாஸ்தி, தொங்கி விட்டுரும்” என்றார்.

“துருப்பிடிக்காத பைப்பு. வீணாத்தான கெடக்கு, இதையே போடுங்க” என்றேன். முகத்தைச் சுளித்தபடி பற்றவைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து மனைவியையும் மகளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினேன். புழுதிக் காற்றுக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். பாலவனத்தம் தாண்டியதும், “ஏங்க, புள்ள எந்திரிக்க மாட்டேங்குறா” என்றாள் மனைவி. அவள் குரலும் குழறியது. இருவரையும் இறக்கி ரோட்டோரம் கிடத்தினேன். வெகுநேரம் கழித்தே மகள் கண் திறந்தாள். காருக்கடியில் பார்த்தால், பின்சீட்டுக்கு நேர் கீழே வெல்டிங் விட்டுப்போய், புகை காருக்குள் ஏறியிருந்தது.

காரை விற்றுவிட்டேன். இப்போது வேறொருவர் காரை ஓட்டுகிறேன். தினமும் அடியில் படுத்து பைப்பைப் பார்த்த பிறகே எடுக்கிறேன். எவ்வளவு புழுதி அடித்தாலும் கண்ணாடியை முழுதாக ஏற்றுவதில்லை.

சென்ற மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது, நான் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த காரைப் பார்த்தாள்.

“நாங்க பஸ்ஸுல போயிக்கிறோம்ப்பா” என்றாள்.