சிலுவை போட்ட சொற்கள்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் அகராதி. குறிகளுக்கு விளக்கம் சொல்லும் முன்பக்கங்கள் போயிருந்தன. சில அர்த்தங்களுக்கு முன்னால் சின்னதாகச் சிலுவை அச்சடித்திருந்தது. வெள்ளைக்காரன் சிலுவை போட்டிருந்தால் மதிப்பான அர்த்தமாகத்தான் இருக்கும் என்று, தறிச் சத்தத்துக்கு நடுவே அவற்றையே தேடித்தேடி மனப்பாடம் செய்தேன்.

கூலிக்கு நெய்துகொண்டிருந்த நான், போன வருஷம்தான் சொந்தமாகப் பருத்திச் சேலை நெய்து விற்க ஆரம்பித்தேன். புனேயில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா போட்டோ பார்த்து விசாரித்தார். இந்த ஆர்டர் கிடைத்தால் பிழைத்தேன். இல்லையென்றால் பழையபடி கூலித்தறிதான். எடுப்பாக இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினேன்: எங்கள் சேலை ரொம்ப ஆர்ட்டிபிஷியல். 'கைத்திறன் மிக்கது' என்று சிலுவைக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. 'செயற்கை' அடுத்த வரியில், சிலுவை இல்லாமல்.

செயற்கை நூல் வேண்டாம், நன்றி என்று பதில் வந்தது.

அகராதியையும் ஒரு சேலையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து நூல்கடை அண்ணாச்சியிடம் ஓடினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

"ஏன் வே, வெண்ணெயைக் கொண்டுபோய் டால்டான்னு சொல்லி விக்கீரு?"

"சிலுவை போட்டிருக்கு அண்ணாச்சி. நல்ல வார்த்தைன்னுல்லா நெனச்சேன்."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சிலுவை கோயில்ல மட்டுமா இருக்கு? கல்லறையிலயும்தான் இருக்கு. அந்த அர்த்தம் செத்து, அடக்கமும் பண்ணியாச்சு வே!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"இப்பவே அந்தம்மாவுக்கு வீடியோ கால் போடுதேன்."

"எந்த இங்கிலீஷ்ல பேசுவீரு?"

"உயிரோட இருக்கிறது நாலு வார்த்தை தெரியும்லா, அது போதும்."

அந்த அம்மா எடுத்தார். "நோ ஆர்ட்டிபிஷியல். காட்டன். சீ" என்று, சேலை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். அண்ணாச்சி தீக்குச்சி கிழித்தார். செயற்கை நூல் என்றால் உருகிக் கெட்டியாகும். இது காகிதம்போல் எரிந்தது. சாம்பலை விரலால் தேய்த்துக் காட்டினேன், பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

அவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். பிறகு, முதலில் ஒரு கட்டு அனுப்புங்கள், துவைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன் என்றார்.

தாராளமாகத் துவையுங்கள், கல்லில் அடித்தே துவையுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. கைவசம் ஒரே சொல்தான் இருந்தது. "வாஷ்" என்றேன். அண்ணாச்சி என் இடுப்பில் ஒரு குத்து விடவும், தெருவுக்கே கேட்கும்படி அழுத்திச் சொன்னேன்: "வாஷ், மேடம், வாஷ்!"