விமர்சகர் சொன்ன கொலைகாரன்

வெள்ளவத்தையில் ஒரு மர்ம நாவலின் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். எழுதியவர் மெலிந்த, வயதான மனிதர். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். புத்தகம் வாங்கிய ஒவ்வொருவரிடமும், "கடைசிப் பக்கத்தை முதலே பார்த்திடாதேங்கோ" என்று கெஞ்சினார்.

விமர்சன உரை செய்தவர், நம்மவர் வழக்கப்படி, கதை முழுவதையும் மேடையிலேயே சொன்னார். "கொலைகாரன் வேற யாருமில்லை, அந்த டொக்டர்தான்" என்று முடித்தார். சபை கைதட்டியது. எழுத்தாளர் குனிந்த தலை நிமிரவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். கூச்சத்தில் வந்துவிட்டேன்.

வீட்டில் வாசித்தபோது திகைத்துப்போனேன். கொலை செய்தது டொக்டர் இல்லை, இறந்தவரின் தங்கை. விமர்சகர் கடைசி அத்தியாயம்வரை போகவேயில்லை.

சில மாதங்களின் பின் எழுத்தாளரை மார்க்கெட்டடி பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"சேர், அண்டைக்கு விழாவில அந்த விமர்சகர் பிழையாச் சொன்னவர். நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"திருத்தினால் முடிவு தெரிஞ்சிடும், தங்கச்சி. பிறகு வாசிக்கிற சனத்துக்கு என்ன மிச்சம்?"

"வேற ஆரும் உங்களிட்டக் கேட்கயில்லையோ?"

"இல்லை. டொக்டரை நல்லா மறைச்சு வைச்சனீங்கள் எண்டு பாராட்டினவை இருக்கினம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இனி எழுதமாட்டன்."

பஸ் வந்ததும் ஏறினார். படியில் நின்றபடி, "நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

யாரிடமிருந்து அந்த முடிவைக் காப்பாற்றுகிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.