முட்டை மிதந்த வெள்ளிக்கிழமை

கோழி இட்ட சூடு ஆறாத முட்டையை உள்ளங்கையில் வைத்தால் ஒரு கதகதப்பு வருமே… அது வந்தாலே எனக்குச் சல்லி என்ற கடற்கரை ஊரின் பள்ளிக்கூடம்தான் ஞாபகம்.

எழுபதுகளின் நடுப்பகுதி, நண்பர்களே. எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் நியமனம், நாலாம் வகுப்பு. திருகோணமலை டவுனில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்த வகுப்பில் கேள்வி கேட்டே என்னைக் களைக்கச் செய்கிறவள் செல்வராணி. எனக்கு அவள் மேல் தனி வாரப்பாடு, மறைக்க என்ன இருக்கிறது!

அந்தத் தவணையோடு அவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப் போகிறேன் என்று ஒருநாள் அவளின் அம்மா வந்து சொன்னார். கருவாடு போடுகிற குடும்பம்.

“எனக்குக் கைக்கு ஆள் வேணும் ரீச்சர். இந்தப் படிப்பு எங்கட வேலைக்கு என்னத்துக்கு உதவும்?”



அடுத்த வெள்ளிக்கிழமை விஞ்ஞானப் பாடம். நல்ல தண்ணீரில் முட்டை தாழும், உப்புத்தண்ணீரில் மிதக்கும் என்று காட்ட வேண்டும். காலையில் ஒரு பிள்ளை சூடு ஆறாத முட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தது. உப்பை ஏன் வீணாக்க வேண்டும், கடல் காலடியில் கிடக்கிறதே என்று என் டவுன் மூளை யோசித்தது. இரண்டு ஜாம் போத்தல்… ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கடல் தண்ணீர்.

கிணற்றுத் தண்ணீரில் தாழ்ந்தது. கைதட்டல்.

கடல் தண்ணீரிலும் தாழ்ந்தது…

“ரீச்சர், வள்ளமே மிதக்குது, முட்டை ஏன் மிதக்கேல்ல?” என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். முகம் மட்டும் எரிந்தது.

செல்வராணி எழும்பினாள்.

“கடலில உப்புக் காணாது ரீச்சர். எங்கட பீப்பாத் தண்ணியில மிதக்கும்.”

சொல்லி முடிக்கமுதல் வகுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் வாளி நிறையத் தண்ணீரோடு வந்தாள். பின்னாலேயே அவளின் அம்மா, கையெல்லாம் மீன் செதில்.

“மீனுக்கு உப்புக் கரைச்சு வச்ச தண்ணியை ஏன்டி அள்ளினனி?”

நான் முட்டையை வாளிக்குள் விட்டேன். உள்ளே போனது… மேலே வந்து தலையைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதிபரே ஓடிவந்தார்.

அம்மாவின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“இதென்ன பெரிய புதினம்? நாங்கள் முட்டை போட்டுத்தானே உப்புப் பார்க்கிறனாங்கள். முட்டை கீழ போனால் இன்னும் உப்புப் போடோணும். இல்லாட்டி மீன் பழுதாப் போகும்.”

பிள்ளைகள் விடுவார்களா? கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று அந்த அம்மாதான் பாடம் நடத்தினார். செல்வராணி அம்மாவை விட்டுக் கண் எடுக்கவில்லை.

போகும்போது மெதுவாகச் சொன்னார்.

“அவள் அடுத்த தவணையும் வரட்டும் ரீச்சர். என்னையும் திருப்பிக் கூப்பிடுங்கோ, வாறன்.”

“ஓம் அக்கா, கட்டாயம்.”

நான் கூப்பிடவில்லை. சோதனை, பாடத்திட்டம் என்று சாட்டுச் சொல்லலாம். உண்மையில், ஜாம் போத்தல் வெட்கம் எனக்கு ஆறவில்லை. சொன்னபடி செல்வராணி ஒரு தவணை வந்தாள். பிறகு வரவில்லை. தேடிப் போனேன். அம்மா மீனில் இருந்து நிமிராமலே சொன்னார்.

“நீங்கள் கூப்பிடுவியள் எண்டு பாத்தனான் ரீச்சர்.”

இப்போது பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரையே அழைத்துப் பாடம் நடத்த வைக்கிறார்கள். போன கிழமை ஒரு பேக்கரிக்காரர் வந்து பாண் மா பொங்குவதைக் காட்டினாராம். அடுத்த மாதமும் அவரைக் கூப்பிட்டிருக்கினம் அம்மம்மா என்று அவள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பள்ளிக்கூடம்.

செல்வராணிக்கு அறுபது நெருங்கியிருக்கும். அவளின் அம்மா உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. இருந்தால்… இன்றைக்கே பஸ் ஏறிப் போய்க் கூப்பிடுவேன்.