செமிசி போய் நின்ற பக்கம்

ஆட்டத்துக்கு முன்னால் செமிசி காதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்திரியை ஐந்து சுற்றுச் சுற்றி, ஆறாவது சுற்றில் பல்லால் கடித்துக் கிழிப்பான். நான் கத்தரிக்கோல் நீட்டினால் வாங்க மாட்டான். "வேணாம் அக்கா. முன்னாடி ஒரு கிளப்புல ஒருத்தன் பிளாஸ்திரியோட காதையும் சேத்து வெட்டிட்டான்" என்பான். அது பிரான்சிலா ஸ்பெயினிலா என்று கேட்டால், கூரையைப் பார்த்து யோசிப்பான், பிறகு சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்பை நான் வெகுநாள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

செமிசி டோங்கா தீவுக்காரன். வயது முப்பத்து நான்கு. சம்பளத்துக்கு ரக்பி ஆடுகிறவன். பதினான்கு வருஷத்தில் ஆறு நாடு, பதினொரு கிளப். ருமேனியாவில் இருக்கும் எங்கள் சிறிய ஊர்தான் அந்தப் பதினொன்றாவது. நான் தோய்னா. இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைக்கிறேன். அவன் சட்டையில் சேற்றோடு ரத்தமும் இருக்கும். "என்னோடது இல்ல அக்கா" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வான். பாதி வாரம் அது அவனுடையதுதான்.

எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சில் நான்கே சொற்களை முதலில் கற்றுக்கொள்வான்: தள்ளு, விடாதே, என்னுது, இன்னும் கொஞ்சம். நான்காவது சொல் சாப்பாட்டு மேசைக்கு. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்த சர்மாலேயைப் பதினைந்து விழுங்கிவிட்டு அதைச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு வருவான். பாடகர் குழு முணுமுணுக்கிற இடத்தில், பின்வரிசையில் நின்றுகொண்டு தன் தீவுப் பாட்டை உரக்கப் பாடுவான். பாதிரியார் முறைத்தால், "உங்க சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்? அப்புறம் ஏன் பயந்து பயந்து பாடுறாங்க?" என்று என்னிடம் கேட்பான்.

காலையில் சலவை அறைக்கு வந்து, சூடான குழாய்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு மனைவி லாவினியாவிடம் போனில் பேசுவான். மூன்று பெண் குழந்தைகளும் திரையில் முட்டி மோதிக்கொண்டு எனக்குக் கையசைக்கும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் ஊரின் அணி எங்களோடு ஆட வந்தது. அவர்களுக்கு மஞ்சள் சட்டை, எங்களுக்குச் சிவப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் செமிசி அந்த மஞ்சள் சட்டையில் ஆடியவன். இடைவேளை முடிந்து பத்து நிமிடம் இருக்கும். பந்தைப் பிடுங்கக் குனிந்தவன் தலையில் யாருடைய முழங்காலோ மோதியது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே சத்தம் கேட்டது. விழுந்தான். எழுந்தான். தலையை ஒரு தடவை உதறிக்கொண்டான்.

அடுத்து ஸ்க்ரம். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, எதிர்ப்பக்கத்தைத் தள்ள வேண்டும். செமிசி ஓடினான். நேராகப் போய் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் தோளில் கையைப் போட்டுக் குனிந்து, எங்கள் ஆட்களைத் தள்ளத் தயாராக நின்றான்.

"டேய் செமிசி, பொறந்த வீட்டுக்கே திரும்பி வந்துட்டியாடா?" என்றான் அந்த மஞ்சள் சட்டைக்காரன்.

மைதானமே சிரித்தது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். தண்ணீர் பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்போதுதான் அவன் தன் சட்டையைப் பார்த்தான். இரண்டு கையாலும் நெஞ்சுத் துணியை இழுத்துப் பிடித்து, அந்தச் சிவப்பையே பார்த்தான். தூங்கும்போது யாரோ மாட்டிவிட்டுப் போனதைப் பார்ப்பவன்போல இருந்தது அவன் முகம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக எங்கள் பக்கம் நடந்து வந்து சேர்ந்துகொண்டான். கோச் லிவியு அவனை வெளியே கூப்பிடவில்லை. மீதி ஆட்டம் முழுவதும் ஆடினான். நாங்கள் ஜெயித்தோம்.

மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு அழுக்குத் துணி எடுக்க அறைக்குள் போனேன். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தான்.

"அக்கா! நீங்க எப்ப இந்த ஊருக்கு வந்தீங்க?"

"எந்த ஊருக்குடா?"

"இந்த ஊருக்குத்தான். அந்தச் சிவப்புச் சட்டைக்காரங்கள விட்டுட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு."

நான் பிறந்தது, கட்டிக்கொண்டது, புருஷனைப் புதைத்தது எல்லாம் இந்த ஊரில்தான். கையிலிருந்த கூடையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

லிவியுவிடம் ஓடினேன். "தலைன்னு ஒண்ணு இருந்தா அடி படத்தான் செய்யும், தோய்னா. நீ சட்டைய மட்டும் பாரு" என்றார். திங்கட்கிழமை ஒட்டிய அடுத்த ஆட்டத்துப் பட்டியலில் செமிசியின் பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நானே அவனை ரயிலேற்றி நகரத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார் அந்த அம்மா. டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"இதுவரைக்கும் எத்தன தடவ தலையில பலமா அடி பட்டிருக்கு?"

"எண்ணல டாக்டர். எந்திரிக்க முடியலன்னாத்தான் எண்ணுவோம்."

அவர் சிரிக்கவில்லை. இனி ஓர் ஆட்டமும் கூடாது, இன்னொரு அடி உயிரையே எடுத்துவிடும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த லிவியுவின் முகம் வெளுத்தது. "என் மைதானத்துல இவன் சாகக் கூடாது" என்றார். மனிதருக்கு ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொன்னதன் பொருள் பத்து நாளில்தான் தெரிந்தது. வேறொரு நாட்டுக் கிளப்புக்கு ஆள் பிடிக்கிறவரை அவரே போன் செய்து வரவழைத்திருந்தார்.

செமிசி இப்போது ஆடுவதில்லை. ஜூன் பன்னிரண்டாம் தேதி ஊருக்கு விமானம் ஏறுகிறான். அதுவரை என்னோடு உட்கார்ந்து சட்டை மடிக்கிறான். கை நீளம் என்பதால் கோணலாகத்தான் மடிக்கிறான். ஆனால் ஆள் பிடிக்கிறவர் வந்த அன்று நடந்ததைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

அன்று காலை சலவை அறையில் அவன் லாவினியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதற்கு அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவன் டாக்டரின் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மதியம் நான் காபி எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனபோது ஒப்பந்தத் தாள் மேசைமேல் இருந்தது. "பன்னண்டாவது கிளப்பு. ராசியான நம்பர்!" என்று பேனாவை நீட்டினார் வந்தவர். செமிசி பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்துப் பிரித்து, அவர் படிக்க வாகாகத் திருப்பி வைத்தான்.

அவர் படித்தார். கண் கடைசி வரிவரை இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, செமிசியின் பையில் திரும்பச் செருகி, மேலே தட்டிக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்க. எங்க டாக்டர் இதெல்லாம் கேக்க மாட்டார். நாலு மாச ஒப்பந்தம்தானே தம்பி?"

லிவியு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செமிசி எழுந்தான். மேசையைச் சுற்றி வந்து அந்த மனிதரின் நாற்காலி முன்னால் மண்டியிட்டான். அவருடைய வலக்கையைப் பிடித்துத் தன் தலைமுடிக்குள், அன்று முழங்கால் மோதிய இடத்தில் இன்னும் வற்றாத புடைப்பின்மேல் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை அழுத்திக்கொண்டான். அவர் கையை இழுத்துப் பார்த்தார். செமிசி விடவில்லை.